ஆள் கிடைக்கவில்லையா, ஆள் நிற்கவில்லையா?

விவசாயத்தோடு துணைத் தொழில் ஒன்றும் இருந்தால்தான் குடும்பம் நிமிரும் என்ற எண்ணம் சிறு விவசாயிகளிடையே இன்று நன்றாக வேரூன்றிவிட்டது. காய்கறி நாற்றங்கால், கறவை மாட்டுப் பண்ணை, காளான் குடில், மரச்செக்கு, நாட்டுக்கோழி என்று ஊருக்கு ஊர் ஏதேனும் ஒன்று தொடங்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. வரவேற்க வேண்டிய மாறுதலே. ஆனால் இத்தொழில்களுக்காக வங்கிக்குக் கொடுக்கப்படும் திட்ட அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். கொட்டகை எத்தனை சதுர அடி, நிழல்வலை எத்தனை மீட்டர், தண்ணீர்த் தொட்டிக்கு என்ன செலவு, மோட்டாருக்கு எத்தனை குதிரைத்திறன் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். வேலை செய்யப்போகும் மனிதரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "ஆட்கூலி - இத்தனை ரூபாய்".

தொழில் தொடங்கி ஓராண்டு கழிந்த பின் அதே விவசாயியிடம் என்ன சிரமம் என்று கேட்டால், விலை சரியில்லை என்பதற்கு முன்பாகவே அவர் சொல்வது, "நல்ல ஆள் கிடைக்கவில்லை" என்பதாகத்தான் இருக்கிறது. திட்ட அறிக்கையில் ஒரு வரியாக இருந்த விஷயம் தொழிலின் முதல் தலைவலியாக மாறிவிடுகிறது.

இந்தப் புகாரில் பாதி உண்மைதான் உண்டு. பல இடங்களில் ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைத்த ஆள் நிற்கவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு நோய்கள். மருந்தும் வேறு. இலை மஞ்சளாவதற்குத் தழைச்சத்துக் குறைவும் காரணமாகலாம், வேர் அழுகலும் காரணமாகலாம். வேர் அழுகும்போது யூரியா போட்டு என்ன பயன்?

ஆள் பற்றாக்குறைக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 2005-இல் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் நாடெங்கும் விரிந்த அத்திட்டம் ஆண்டுக்கு 100 நாள் வேலைக்கு உறுதி கூறியது. அதுவும் ஒரு குடும்பத்துக்கு 100 நாள், ஒரு நபருக்கு அன்று. வீட்டில் இருவர் உழைக்கிறவர்கள் என்றால் ஆளுக்கு 50 நாள். மீதி 300 நாளுக்கு மேல் அவர்கள் எங்கே போனார்கள்? நடவுக்கும் அறுப்புக்கும் ஒரே வாரத்தில் இருபது பேர் தேவைப்படும் வயலில் அத்திட்டத்தின் பாதிப்பு தெரிந்திருக்கலாம். ஆண்டு முழுவதும் இரண்டு மூன்று பேரை மட்டும் வைத்து நடத்தும் சிறு தொழிலுக்கு அதைக் காரணம் சொல்வது பொருந்தாது.

வாசலுக்கு வரும் வேன்

சிறு விவசாயியின் உண்மையான போட்டியாளர் விடியற்காலையில் ஊருக்குள் வந்து நிற்கும் வேன்தான். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் நூற்பாலை வேன், திருப்பூரைச் சுற்றிப் பனியன் கம்பெனி வேன், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிற்சாலை வேன். அந்த வேனில் ஏறிப் போகிறவர்களுக்குக் கூலி எப்போதும் அதிகம் என்று சொல்ல முடியாது. மணிக்கணக்கில் நின்றுகொண்டே வேலை, இரவு முறை, போக வரப் பயணம் என்று கஷ்டமும் உண்டு. இருந்தும் ஏறிப் போகிறார்கள். காரணம் எளியது. மாதத்தில் இன்ன தேதியில் சம்பளம் என்பது நிச்சயம். இன்ன மணிக்கு வேலை முடியும் என்பது நிச்சயம். வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. என்று ஏதோ ஒரு பிடிப்பும் இருக்கிறது. மழை பெய்தால் "இன்றைக்கு வேலை இல்லை, போ" என்று திருப்பி அனுப்பமாட்டார்கள்.

மூன்று ஏக்கர்க்காரர் வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் கொடுக்க முடியாதுதான். ஆனால் மில்லுக்கு இல்லாத ஒன்று அவரிடம் இருக்கிறது. அவர் கொட்டகை, வேலைக்கு வருகிறவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்கு வரலாம், நடுப்பகலில் ஓடிப்போய்ப் படுத்திருக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வரலாம் என்ற நிலை கிராமத்துப் பெண்ணுக்கு ஐம்பது ரூபாய் கூலிக்குச் சமம். தட்டில் விதை ஊன்றுவது நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. எட்டு மணிக்குத் தொடங்கினாலும் ஒன்பதரைக்குத் தொடங்கினாலும் விதைக்கு ஒன்றுதான். ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? வயல் வேலையின் பழக்கத்தில் "எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, தென்னை நார்க்கழிவு ஏற்றிய வண்டி வரும்வரை பதினொரு மணி மட்டும் சும்மா உட்கார வைக்கிற முதலாளிகள்தான் அதிகம். தன்னிடம் உள்ள ஒரே சலுகையை இவ்வாறு வீணடித்துவிட்டு வேனைக் குறை சொல்லி என்ன செய்வது?

கருகாமல் போன தட்டுகளின் கணக்கு

ஆள் போனால் இன்னொரு ஆள் என்று நினைப்பதற்குக் காரணம், போகிற ஆளோடு என்னென்ன போகிறது என்று கணக்குப் பார்க்காததே. குழித்தட்டு நாற்றங்காலை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

ஒட்டன்சத்திரம் போன்ற பெரிய காய்கறிச் சந்தையைச் சுற்றியுள்ள ஊர்களில் இத்தொழில் நன்கு பரவியிருக்கிறது. 98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் மட்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைப்பார்கள். உள்ளே வெப்பமும் ஈரமும் தங்கி விதை சீராக முளைக்கும். தக்காளி மூன்று நாலு நாளில் முளைவிடும். மிளகாய்க்கு ஆறேழு நாள் ஆகும். முளை தலைகாட்டியதும் தாளை எடுத்துத் தட்டுகளை நிழல்வலைக்குள் பரப்பிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தால் முளைப்பு ஏறுமாறாகப் போகும். குளிர் நாளில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு. காலண்டரைப் பார்த்துச் செய்கிற வேலை இது அன்று. தாளைத் தூக்கிக் கைவைத்துப் பார்த்துச் சொல்கிற பழக்கம் வேண்டும். பூவாளியில் தண்ணீர் விடுவதும் அப்படியே. மேல் மண் நனைந்ததா, குழியின் அடிவரை இறங்கியதா என்பதைத் தட்டைத் தூக்கும்போது அதன் கனத்தைக் கொண்டே பழகியவர் சொல்லிவிடுவார். பழகாதவர் பயந்துகொண்டு அதிகமாக ஊற்றுவார். நாற்றழுகல் நோய் உடனே வந்து சேரும்.

இப்போது கணக்கு. 500 தட்டுகள் அடுக்கி வைத்த ஓர் அடுக்கம். 500 தட்டு என்றால் 49,000 குழிகள். தாளை எடுக்கத் தெரிந்த பெண், பக்கத்து நாற்றங்காலில் நாளுக்கு 50 ரூபாய் கூடுதலாகத் தருகிறார்கள் என்று போன வாரம்தான் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லை. முதலாளி உரம் வாங்கப் போயிருந்தார். ஒரு நாள் தவறியது. நாற்றுக்கு ஒரு ரூபாய் என்று மிகச் சாதாரணமாக விலை வைத்தாலும் 49,000 ரூபாய் போயிற்று. வீரிய ஒட்டு விதையின் விலையும், நாற்றுக்கு முன்பணம் கட்டிவிட்டு நிலத்தை உழுது பார்த்துக்கொண்டிருந்த விவசாயிகளிடம் போன பெயரும் இதில் சேரவில்லை.

போய்விட்ட அந்தப் பெண்ணுக்கு அந்த 50 ரூபாயைத் தாமே கூட்டிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதம் 26 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 15,600 ரூபாய். அவருடன் வேலை செய்யும் மற்ற இருவருக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் 46,800 ரூபாய். ஒரே ஓர் அடுக்கம் கெட்ட நஷ்டத்தில் மூன்று பேருக்கு ஓராண்டுக் கூலி உயர்வு அடங்கிவிடுகிறது. நாட்கூலியை மட்டும் எழுதி வைக்கும் கணக்கு நோட்டில் இந்த நஷ்டம் "விதை சரியில்லை" என்றோ "வெயில் அதிகம்" என்றோதான் பதிவாகிறது. கெடாமல் தப்பிய தட்டுகளுக்கு எந்த நோட்டிலும் வரவு எழுதுவதில்லை.

கறவை மாட்டுப் பண்ணையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மடியைக் கழுவித் தடவிக் கொடுத்ததும் பசுவின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் பாலை இறங்கச் செய்கிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். ஏழெட்டு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். அறியாத கை, அதட்டும் குரல், அடிக்கு ஓங்கிய குச்சி இவற்றைக் கண்டு பசு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். மாதத்துக்கு ஓர் ஆள் மாறுகிற பண்ணையில் தீவனத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் பால் கூடவில்லை என்றால் வியப்பில்லை. கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறக்கிற அவசரக்காரர் கையில் காம்பு புண்ணாகி மடிநோய்க்கும் வழியாகும். சினை அறிகுறி இன்னொன்று. பசு 21 நாளுக்கு ஒரு முறைதான் பருவத்துக்கு வருகிறது. காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும் என்பது விதி. அதிகாலையில் சாணி அள்ளும்போது கண்ணாடிபோல் வழும்பு தொங்குவதைப் பார்த்து, "அண்ணே, செவலை பருவத்துக்கு வந்திருக்குது" என்று சொல்கிற ஆள் இருந்தால் ஒரு பருவம் மிச்சம். சொல்லாத ஆள் என்றால் 21 நாள் தீவனம் வீண். ஊசிக்கு எத்தனை ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணுக்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

முன்பணம் என்னும் கயிறு

நல்ல ஆளை நிறுத்தி வைக்க நம் கிராமங்களில் தொன்றுதொட்டுக் கையாளப்படும் ஒரே வழி முன்பணம். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ இருபதாயிரம் கொடுத்துவிட்டு, "பாக்கி இருக்கிறதல்லவா, எங்கே போய்விடுவான்?" என்று நிம்மதியாக இருந்துவிடுவது. வாரம் 500 ரூபாய் பிடித்தால் இந்தக் கடன் தீர 40 வாரம் ஆகும். அதற்குள் ஒரு மருத்துவச் செலவு வரும், மேலும் ஐயாயிரம் சேரும். பாக்கி தீரவே தீராது. தீராமல் இருப்பதே நல்லது என்று முதலாளியும் உள்ளூர நினைப்பார்.

இந்த நினைப்பின் வரலாறு நீண்டது. தஞ்சைப் பகுதியில் பண்ணையாட்களின் நிலையைச் சீர்செய்ய 1952-லேயே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1975 அக்டோபரில் அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1976-இல் நிரந்தரச் சட்டமும் வந்தன. கடனைக் காட்டி ஒருவரை வேறு இடம் போகவிடாமல் வேலை வாங்குவது அச்சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தக் கடனே இல்லாமற் போய்விடுகிறது. செங்கல் சூளை, அரிசி ஆலை என்று எங்கோ பெரிய இடங்களில் நடப்பது இது, நமக்கென்ன என்று சிறு விவசாயி நினைக்கக்கூடாது. கொடுத்தது இருபதாயிரமானாலும் இரண்டாயிரமானாலும், "பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போ" என்று வழிமறிக்கும் நிமிடத்தில் எல்லை தாண்டியாகிவிட்டது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துத் தொழிலை மட்டும் பார்த்தாலும் முன்பணம் ஏமாற்றும் வழியே. கட்டி வைத்த ஆள் வருவார். ஆனால் தாளைத் தூக்கிக் கைவைத்துப் பார்க்கமாட்டார். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். பருவத்துக்கு வந்த பசுவைப் பார்த்தும் பார்க்காததுபோல் சாணியை அள்ளிக்கொண்டு போவார். கயிற்றால் கட்டி இழுத்து வரக்கூடியது உடம்பை மட்டும்தான். சிறு தொழிலுக்குத் தேவையானதோ அந்த ஆளின் கண்ணும் கவனமும். மேலும், கடன் தாங்க முடியாமல் ஒருநாள் இரவோடிரவாக ஊரைவிட்டே போய்விட்டால், பணமும் போயிற்று, ஆளும் போயிற்று, அவர் உறவினர் யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அவசரத்துக்கு உதவக்கூடாது என்பதன்று. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்து நிற்கிறவரிடம் சட்டம் பேசுவது மனிதத்தன்மையாகாது. கொடுக்கலாம். கொடுத்ததை இருவர் நோட்டிலும் எழுதி, வட்டியில்லாமல், வாரத்துக்கு இவ்வளவு என்று முடிவுசெய்து பிடித்து, இடையில் வேலையை விட்டாலும் தவணையாகத் தரலாம் என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். பெரிய தொகை என்றால் மகளிர் குழுவிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் பெற வழிகாட்டுவதும் அதற்குத் துணை நிற்பதும் முதலாளிக்கும் நல்லது, தொழிலாளிக்கும் நல்லது.

கூலி நாளும் சும்மா இருக்கும் நாளும்

ஆளை நிறுத்துவது முன்பணம் இல்லையென்றால் வேறு எது? நாள் தவறாத கூலி. இது கேட்க அற்பமாகத் தோன்றும். வாரக் கூலி என்றால் ஊர்ச் சந்தைக்கு முதல் நாள் மாலை கையில் இருக்க வேண்டும். சந்தை முடிந்த மறுநாள் கொடுக்கிற அதே பணம் பாதிப் பணம்தான். ஏனெனில் சந்தைச் சாமானை அவர் ஏற்கெனவே கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கியிருப்பார். நாற்று வாங்கியவர் பணம் தரவில்லை, பால் பணம் வரவில்லை என்பவை முதலாளியின் கஷ்டங்கள். அவற்றைத் தொழிலாளியின் தலையில் இறக்குவது முறையன்று. தொழில் தொடங்கும்போதே மூன்று மாதக் கூலியைத் தனியே எடுத்து வங்கியில் போட்டுவிட்டு, மிஞ்சிய பணத்துக்கு ஏற்பக் கொட்டகையின் நீள அகலத்தை முடிவுசெய்வதே சரி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கொட்டகை அழகாக நிற்கும், இரண்டாம் மாதமே கூலி பாக்கி விழும்.

அடுத்தது சும்மா இருக்கும் நாள். நாற்றுக்குத் தேவை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இராது. பட்டத்துக்கு முன்பு இராப்பகலாக வேலை, பட்டம் முடிந்தால் கொட்டகை காலி. அந்தக் காலத்தில் "கூப்பிட்டு அனுப்புகிறேன்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆள், கூப்பிட்டு அனுப்பும்போது வேனில் ஏறியிருப்பார். துணைத் தொழில் நடத்துகிறவர் விவசாயியாகவும் இருப்பதில் ஒரு வசதி உண்டு. நாற்றங்காலில் வேலை இல்லாத வாரத்தில் தோட்டத்தில் களை இருக்கும், கரும்புக்குச் சோகை உரிக்கலாம், தட்டுகளைக் கழுவிக் காயவைத்து அடுக்கலாம், நார்க்கழிவை மட்கவைக்கலாம், கிழிந்த வலையைத் தைக்கலாம். ஆறு பேரைப் பட்டத்துக்கு மட்டும் வைப்பதைவிட, இரண்டு பேரை ஆண்டு முழுவதும் வைத்து, அவர்களுக்குக் கீழே பட்டத்துக்கு நாலு பேரைச் சேர்ப்பது சிக்கனம். அந்த இருவர்தான் தொழிலின் முதுகெலும்பு. புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களும் அவர்களே.

மாட்டுப் பண்ணையில் சிக்கல் வேறு. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆனால் மனிதனுக்கு உண்டு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பிற்பகல் மீண்டும் கறவைக்கு வந்து, ஆண்டில் ஒரு நாளும் ஓய்வில்லாமல் இருக்க யாராலும் முடியாது. வாரத்தில் ஒரு நாள் வீட்டார் தாமே கறக்க வேண்டும். கறக்கத் தெரியாத குடும்பம் பண்ணை வைக்காமலிருப்பதே மேல்.

யாரைச் சேர்ப்பது?

மச்சான் மகன் சும்மா இருக்கிறான் என்று சேர்த்துக்கொள்வது எல்லோரும் செய்கிற முதல் தவறு. அவனைக் கண்டிக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. தாமதமாக வந்தாலும் பேசாமல் இருக்க வேண்டும். அதைப் பார்க்கிற மற்றவர்களும் தாமதமாக வரத் தொடங்குவார்கள். சொந்தக்காரன் திருடமாட்டான் என்ற நம்பிக்கை ஒன்றைத் தவிர இதில் வேறு ஆதாயம் இல்லை. அந்த நம்பிக்கையும் எப்போதும் மெய்யாவதில்லை.

அனுபவம் உள்ளவரைத்தான் சேர்க்க வேண்டும் என்பதும் அவசியமில்லை. விதை ஊன்றுவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் சில வாரங்களில் கற்றுக்கொடுக்கலாம். கவனத்தைக் கற்றுக்கொடுப்பது கடினம். வந்தவரிடம் பத்து நாள் வேலை கொடுத்துப் பார்க்கலாம், அந்தப் பத்து நாளுக்கும் முழுக் கூலியுடன். கவனிக்க வேண்டியது வேகத்தை அன்று. பத்துத் தட்டு விதை ஊன்றியபின், விதை விழாத குழியை அவரே தேடிப் பார்த்து நிரப்புகிறாரா? உடைந்த தட்டை ஒதுக்கி வைக்கிறாரா, கீழே சொருகி மறைக்கிறாரா? தவறு செய்தால் வந்து சொல்கிறாரா? இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆனால் அது தொழிலாளியின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. முதல் தவறைச் சொன்னபோது முதலாளி என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது. அன்றைக்கு நாலு பேர் முன்னிலையில் ஏசியிருந்தால், அதற்குப்பின் எந்தத் தவறும் அவர் காதுக்கு வராது. தட்டு அழுகிய பிறகுதான் தெரியும்.

பேச்சு பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. தாய் வயதுப் பெண்ணை "ஏய், வா, போ" என்று மகன் வயதுப் பையன் விரட்டுகிற கொட்டகைகள் இன்றும் இருக்கின்றன. தேநீருக்குச் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் எடுத்து வைக்கிற வழக்கமும் எல்லா இடத்திலும் ஒழிந்துவிடவில்லை. பனியன் கம்பெனியிலும் மில்லிலும் ஆயிரம் குறை இருக்கலாம். அங்கே எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஊரிலேயே வேலை இருந்தும் இளைஞர்கள் ஏன் வேனுக்கு ஓடுகிறார்கள் என்று கேட்பவர்கள், தம் கொட்டகையின் டம்ளர்களை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லாத வேலையிடம் நல்ல பெண்களை நிறுத்த முடியாது. இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "வீட்டில் வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதும் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கம். 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே மீண்டும் வலியுறுத்தியது. தட்டு நிரப்பி விதை ஊன்றுவதில் பெண்களின் கைதான் வேகமும் சுத்தமும் உடையது என்று ஒப்புக்கொள்கிற முதலாளியே, கூலி என்று வரும்போது வேறு பேசுவது விந்தை.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு நன்மையும் உண்டு. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயதுக்குட்பட்ட எவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்னும் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். 2015-இல் 12 ரூபாயாகத் தொடங்கிய அதன் ஆண்டுக் கட்டணம் 2022 ஜூனில் 20 ரூபாயாயிற்று. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாம்பும் மின்சாரமும் உள்ள இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இருபது ரூபாயை முதலாளியே கட்டி, வங்கிக்கு உடன்சென்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், அவர் தங்கள் உயிரையும் ஒரு பொருட்டாக நினைத்தார் என்பது அவர்களுக்கு மறக்காது.

பயிற்சிக்கு வருவது யார்?

இந்த விஷயத்தில் பழியை விவசாயிகள்மீது மட்டும் போடுவது நியாயமாகாது. பயிற்சி நடத்தும் நிலையங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாட்டின் முதல் வேளாண்மை அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. செய்து கற்றல் என்பதே அந்நிலையங்களின் அடிப்படை. ஆனால் இன்று நாற்றங்கால் பயிற்சி, காளான் பயிற்சி, கறவை மாட்டுப் பயிற்சி எதை எடுத்தாலும் முன் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர் முதலாளி. தாளைத் தூக்கப்போகிற பெண்ணும், மடியைக் கழுவப்போகிற ஆளும் அந்நேரத்தில் கொட்டகையில் இருக்கிறார்கள். முதலாளி ஊருக்குத் திரும்பி, கேட்டதில் பாதியை மறந்து, மீதியைக் கட்டளையாகச் சொல்கிறார். ஏன் என்று தெரியாத கட்டளை எத்தனை நாளைக்கு நடக்கும்?

ஆகவே பயிற்சிக்கு மனுப்போடும்போதே இரண்டு பெயர்களைக் கேட்க வேண்டும். வேலை செய்கிறவருக்கு அன்றைய கூலியையும் பஸ் செலவையும் முதலாளி கொடுத்து அழைத்துவர வேண்டும். நிலையங்களும் அதற்கு இடம் கொடுத்து, சான்றிதழை அவர் பெயரிலும் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பது தடையாகாது. தட்டின் கனத்தைப் பழகுவதற்கு எழுத்து தேவையில்லை.

இங்கேதான் ஒரு பயம் குறுக்கே வந்து நிற்கும். "தொழிலை முழுக்கக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கே தனியாகப் போட்டுவிடுவாளே!" என்ற பயம். போடலாம். ஐந்தாறு ஆண்டு உழைத்துத் தொழில் கற்ற ஒருவர், மகளிர் குழுக் கடனில் இருநூறு தட்டு வாங்கிச் சொந்தமாக நாற்று விடத் தொடங்குவது நடக்கக்கூடியதே. அதைத் தடுக்க ரகசியத்தை மூடி வைப்பவரிடம் ஐந்தாறு ஆண்டு இருப்பவர் யாரும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஓர் ஆளாக மாறிக்கொண்டே இருப்பார்கள். போகிறேன் என்று வந்து சொல்கிறவருக்கு அன்றைக்கே கணக்குத் தீர்த்து, பொங்கலுக்குத் தருவதாகச் சொன்ன தொகை இருந்தால் அதையும் விகிதப்படி கொடுத்து, பழைய தட்டில் ஐம்பது தந்து அனுப்பினால், அடுத்த பட்டத்தில் தம்மால் முடியாத நாற்றுக்கு ஆர்டர் வரும்போது பங்கிட்டுக்கொள்ள நம்பிக்கையான ஒரு கொட்டகை அதே ஊரில் இருக்கும். தம் வேலையைக் கற்றுக்கொள்ளத் தங்கை மகளையும் அந்தப் பெண்ணே அழைத்துவந்து விட்டுப் போவார்.